மிஸ் மில்லிகன்: ஒரு நாட்டுக்கே ஆடக் கற்றுக்கொடுத்த டீச்சர்

இந்த வார எபிசோடில் ராஜா இல்லை, போர்த் தளபதி இல்லை. ஒரு பி.டி. டீச்சரைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதல்ல ஒரு காட்சி. டிசம்பர் மாதம். ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு பள்ளிக்கூடம். வெளியே குளிர், மதியம் மூணரை மணிக்கே இருட்டிவிடும். பி.டி. பீரியடில் அன்றைக்கு ஃபுட்பால் கிடையாது. ஜிம் ஹாலில் பையன்கள் ஒரு சுவர் ஓரமாகவும் பெண்கள் எதிர்ச் சுவர் ஓரமாகவும் நிற்கிறார்கள். டீச்சர் பாட்டைப் போட்டுவிட்டு, "ஜோடி சேருங்க" என்கிறார். பதின்மூணு வயசுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? ஒரு பையன் ஸ்வெட்டர் கையை இழுத்து விரல்வரை மூடிக்கொள்கிறான். தோல் தோலில் படக்கூடாதாம்! எதிரே நிற்கிற பெண்ணும் அதையேதான் செய்கிறாள்.

கிறிஸ்துமஸ் பார்ட்டிக்கு முன்னால் பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் நடக்கிற பயிற்சி இது. இதே பிள்ளைகள் பத்து, பதினைந்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் இருப்பார்கள். அக்கார்டியனும் ஃபிடிலும் சேர்ந்து ஒலிக்கத் தொடங்கும். யாரும் யோசிக்க மாட்டார்கள். கால் தானாகப் போகும்.

கால் மறக்காமல் வைத்திருக்கிற அந்தப் பாடத்துக்குப் பின்னால் பல பேர் உண்டு. அவர்களில் முக்கியமான ஒருவர் ஜீன் கலண்டர் மில்லிகன். 1886-ல் கிளாஸ்கோவில் பிறந்தார், 1978-ல் 92 வயதில் இறந்தார். ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் ஆடுகிற உலகத்தில் அவருக்கு ஒரே பெயர்தான்: மிஸ் மில்லிகன்.

எட்டுப் பேர், நாலரை நிமிஷம்

இந்த ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களுக்காக ஒரு நிமிஷம் ஒதுக்குகிறேன்.

பொதுவாக நாலு ஜோடி, மொத்தம் எட்டுப் பேர். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. நடுவில் ஒரு சந்து மாதிரி இடம். முதல் ஜோடி கை கோத்து அந்தச் சந்து வழியாகக் கீழே போய்த் திரும்பி வரும். வரிசைக்கு வெளியே சுற்றி வரும். பக்கத்து ஜோடியோடு கை கோத்து வட்டம் போடும். இப்படி 32 பார், அதாவது 32 தாளச் சுற்று முடியும்போது முதல் ஜோடி ஓர் இடம் கீழே இறங்கியிருக்கும். அங்கிருந்து அதே ஆட்டத்தை அடுத்த ஜோடிகளோடு இன்னொரு முறை ஆடும். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். இப்போது மேலே இருக்கிற இரண்டாவது ஜோடிக்கு முறை.

எட்டு முறை சுற்று முடியும்போது நாலு ஜோடியும் தலைமை தாங்கியிருக்கும், நாலு ஜோடியும் வரிசையின் அடிவரை போய் வந்திருக்கும். வேகமான ரீல் என்றால் எல்லாம் சேர்த்துச் சுமார் நாலரை நிமிஷம்.

இதில் ஒன்றைக் கவனியுங்க. தனியாக ஆடிப் பேர் வாங்குகிற ஆட்டம் இல்லை இது. நம்ம முறை வராதபோதும் நாம ஆட்டத்தில் இருக்கிறோம். ஓரமாக நிற்கிறவர் சரியான நேரத்தில் கையை நீட்டவில்லை என்றால், நடுவில் ஆடுகிறவர் அந்தரத்தில் நிற்பார். ஒரு வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு கிடைக்குமா? மிஸ் மில்லிகன் அதைத்தான் பார்த்தார்.

கொட்டகையில் நடந்த வகுப்புகள்

இந்த நடனத்தின் வேரைத் தேடிப் போனால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. கன்ட்ரி டான்ஸ் என்ற வடிவம் ஸ்காட்லாந்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. 1651-ல் லண்டனில் ஜான் பிளேஃபோர்ட் வெளியிட்ட நடனப் புத்தகம்தான் இதற்குப் புகழ்பெற்ற முதல் அச்சு ஆதாரம். பதினெட்டாம் நூற்றாண்டில் எடின்பரோவின் நடன அரங்குகளில் இது பெரிய மோகமாயிற்று. ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. தங்கள் ரீல் ஆட்டத்தின் கால்வேலையைச் சேர்த்தார்கள், தங்கள் ஃபிடில் இசையைச் சேர்த்தார்கள். ஸ்பே நதிப் பள்ளத்தாக்கின் பெயர் கொண்ட 'ஸ்ட்ராத்ஸ்பே' என்ற மெதுவான, கம்பீரமான தாளத்தையும் சேர்த்தார்கள். கடைசியில் அது அவர்களுடைய சொந்தப் பொருள் ஆகிவிட்டது.

கிராமங்களுக்கு இதைக் கொண்டுபோனவர்கள் ஊர் ஊராகப் போன டான்சிங் மாஸ்டர்கள். கையில் ஒரு ஃபிடில். குளிர்காலத்தில் ஏதாவது ஒரு தானியக் கொட்டகையில் சில வாரம் வகுப்பு. கடைசி நாள் பெற்றோர் முன்னால் ஆடிக் காட்டுகிற விழா. தேவாலயத்தில் பலருக்கு இது பிடிக்கவில்லை, ஆணும் பெண்ணும் கை கோப்பதாவது என்று. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் இளம் வயதில் அப்பாவின் விருப்பத்தை மீறித்தான் நடன வகுப்புக்குப் போனார். பெற்றோருக்குத் தெரியாமல் கிளாஸுக்குப் போன கதைகள் நம்மிடமும் இருக்குமே!

இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது நகரங்களில் காற்று மாறியிருந்தது. வால்ட்ஸ், போல்கா வந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு ஃபாக்ஸ்ட்ராட்டும் ஜாஸும் வந்தன. சில கிராமங்களில் மட்டும் பழைய ஆட்டம் உயிரோடு இருந்தது. பெரியவர்களின் ஞாபகத்தில் கொஞ்சம், பழைய புத்தகங்களில் கொஞ்சம் எனச் சிதறிக் கிடந்தது. இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் செசில் ஷார்ப் 1911-ல் நாட்டுப்புற நடனச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, ஆங்கில நடனங்களைப் பள்ளிகளுக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அவை ஸ்காட்லாந்துப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தன. தங்கள் பிள்ளைகள் பக்கத்து வீட்டு ஆட்டத்தை நன்றாக ஆடுகிறார்கள், சொந்த வீட்டு ஆட்டம் தெரியவில்லை என்ற வருத்தம் சிலருக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

கிளாஸ்கோ, 1923

அந்தச் சிலரில் ஒருவர் இசபெல் ஸ்டூவர்ட். ஆர்கைல் பகுதியில் கேர்ள் கைட்ஸ் அமைப்பின் பொறுப்பாளர். தன் கைட்ஸ் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஸ்காட்டிஷ் நடனப் புத்தகம் ஒன்று வேண்டும் என்று கிளாஸ்கோவில் இசைப் புத்தகங்கள் வெளியிட்டுவந்த பேட்டர்சன் நிறுவனத்தின் மைக்கேல் டயாக்கிடம் போனார். அவர், "இதுக்குச் சரியான ஆள் ஒருத்தர் இருக்கார்" என்கிற மாதிரி மிஸ் மில்லிகனிடம் அனுப்பிவைத்தார்.

ஏன் அவர்? அப்போது மில்லிகனுக்கு 37 வயது. கிளாஸ்கோவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி கற்பித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் ஜோர்டன்ஹில் என்ற பெயரில் புகழ்பெற்ற கல்லூரி அது. அவர் படித்தது இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில், மேடம் பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் என்ற சுவீடன் நாட்டுப் பெண்மணி நடத்திய கல்லூரியில். பெண்களை உடற்கல்வி ஆசிரியர்களாகப் பயிற்றுவித்த முன்னோடி இடம் அது. இடுப்பை இறுக்கும் உள்ளாடையோடு மூச்சுவிடச் சிரமப்பட்ட தலைமுறைக்கு, "பெண்ணின் உடம்பு ஓடலாம், குதிக்கலாம், நிமிர்ந்து நிற்கலாம்" என்று சொல்லிக்கொடுத்த இடம். மாணவிகள் சுவீடன் முறை ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினார்கள். உடம்பை நேராக நிறுத்துவது, காலைச் சரியாக வைப்பது, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்வது. இதை ஞாபகம் வைச்சுக்கங்க, பின்னால் தேவைப்படும்.

1923 நவம்பர் 26. கிளாஸ்கோவின் அத்தீனியம் கட்டடத்தில் ஒரு கூட்டம். ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சொசைட்டி அன்றைக்குப் பிறந்தது. ஸ்காட்லாந்தில் ஆடப்படும் கன்ட்ரி டான்ஸ்களைப் பயில்வது, பாதுகாப்பது என்பதுதான் நோக்கம். முதல் புத்தகத்தில் 12 நடனங்கள். 'பெட்ரோனெல்லா', 'ஸ்ட்ரிப் த வில்லோ' எல்லாம் அதில் உண்டு. நாம் முதலில் பார்த்த ஜிம் ஹாலில் இன்றைக்கும் 'ஸ்ட்ரிப் த வில்லோ' ஒலிக்கிறது.

டீச்சர்களின் டீச்சர்

மில்லிகன் ஒரு கலைஞராகவோ ஆராய்ச்சியாளராகவோ இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். பழைய நடனங்களைச் சேகரித்து, அச்சிட்டு, நூலகத்தில் வைத்திருப்பார். ஆனால் அவர் டீச்சர்களை உருவாக்கும் டீச்சர்.

கணக்குக்காக வைச்சுக்குவோம்: ஒரு வருஷம் அவரிடம் முப்பது பெண்கள் படிக்கிறார்கள். ஆளுக்கொரு ஆரம்பப் பள்ளிக்கு வேலைக்குப் போகிறார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் நாற்பது பிள்ளைகள். ஒரே வருஷத்தில் ஆயிரத்து இருநூறு பிள்ளைகளின் கால்களுக்கு அந்த ஸ்டெப் போய்விடுகிறது. இது நான் போட்ட உதாரணக் கணக்குதான். ஆனால் 1948-ல் ஓய்வுபெறும் வரை அவர் அந்தக் கல்லூரியில்தான் இருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இது எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

1927-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் சம்மர் ஸ்கூல் தொடங்கியது. பள்ளி விடுமுறையில் ஆசிரியர்கள் வந்து கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பி வகுப்பு எடுப்பார்கள். நடனம் கற்பிக்கத் தேர்வு, சான்றிதழ் எல்லாம் வந்தன. மில்லிகன் கண்டிப்பானவர். தோள் தளர்ந்தால் விடமாட்டார், கால் விரல் நீளாவிட்டால் விடமாட்டார். அதே சமயம், நடனம் என்பது கூடிப் பழகும் சந்தோஷம் என்பதிலும் அதே அளவு கண்டிப்பு. தன் ஜோடியைப் பார்க்காமல், சிரிக்காமல், காலை மட்டும் சரியாக வைத்து என்ன பிரயோஜனம்?

1951-ல் மன்னர் ஆறாம் ஜார்ஜ் சங்கத்துக்கு 'ராயல்' பட்டம் கொடுத்தார். 1977-ல், 91 வயதில், அபர்டீன் பல்கலைக்கழகம் மில்லிகனுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஒரு பி.டி. டீச்சருக்கு!

"இதுதான் சரியான ஸ்டெப்"

இதோடு நிறுத்தினால் இது பாராட்டு விழா உரை ஆகிவிடும். வரலாறு ஆகாது. மறுபக்கத்தையும் பார்ப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆட்டத்தின் வழியை மட்டும்தான் சொல்கின்றன. எங்கே போக வேண்டும், யாரோடு கை கோக்க வேண்டும் என்று. கால் எப்படி வைக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஆடியவர்களுக்குத்தான் தெரியுமே! சமையல் குறிப்பில் "தேவையான அளவு உப்பு" என்று எழுதுகிற மாதிரி. இருநூறு வருஷம் கழித்து வருகிறவர் அந்த உப்பின் அளவை எங்கே போய்த் தேடுவார்?

கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்டால், ஒரே நடனத்தை இந்த ஊரில் ஒரு மாதிரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மாதிரி ஆடினார்கள். சொசைட்டி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டது. அச்சில் வந்ததும் அது 'சரியான' வடிவம் ஆகிவிட்டது. மற்றவை 'தவறு' ஆகிவிட்டன. ஒரு கிழவர் தன் அப்பாவிடம் கற்ற ஸ்டெப்பை ஆடினால், இருபது வயசு சான்றிதழ் டீச்சர் வந்து திருத்தக்கூடிய நிலைமை.

அந்தத் திருத்தத்தில் டார்ட்ஃபோர்டின் சாயலும் இருந்தது. நீட்டிய கால்விரல், நிமிர்ந்த முதுகு, ஒரே சீரான அசைவு. கொட்டகையில் பூட்ஸ் காலோடு தரை அதிர ஆடிய உழவர்களின் ஆட்டம், மெல்லிய தோல் செருப்பும் வெள்ளை உடையும் டார்ட்டன் சால்வையுமாக மேடை ஏறியபோது, அதன் மணமும் மாறியது.

இதைப் பொறுமையாக ஆவணப்படுத்தியவர்கள் ஃபிளெட் தம்பதி, ஜோனும் டாமும். டாம் ஒரு கணிதப் பேராசிரியர். இருவரும் ஸ்காட்லாந்து முழுக்க வயதானவர்களைத் தேடிப் போய், சொசைட்டி வருவதற்கு முன்னால் தங்கள் ஊரில் எப்படி ஆடினார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். 1964-ல் வந்த அவர்களுடைய புத்தகத்தைப் படித்தால், எத்தனை வகை ஆட்டங்கள் இருந்தன என்று மலைப்பாக இருக்கும்.

அப்போ மில்லிகன் காப்பாற்றினாரா, மாற்றினாரா? இரண்டும் நடந்தது என்றுதான் நினைக்கிறேன். நாற்பது பிள்ளைகள் நிற்கிற ஹாலில் நாற்பது விதமாகக் கற்றுக்கொடுக்க எந்த டீச்சராலும் முடியாது. பள்ளிக்கூடம் ஒரு கலையை எடுத்துக்கொள்ளும்போது அதற்கு ஒரு விலை வாங்கும். இங்கே அந்த விலை, ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசம்.

அந்த விலைக்கு என்ன கிடைத்தது? பதில் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து வருகிறது.

கம்பிவேலிக்குள் ஒரு நடனம்

1940 ஜூன் 12. பிரான்ஸின் கடற்கரை ஊரான செயின்ட் வலேரியில் ஸ்காட்லாந்தின் 51-வது ஹைலேண்ட் டிவிஷன் ஜெர்மானியரிடம் சரணடைந்தது. ஏறக்குறைய 10,000 பேர் கைதானார்கள். ஸ்காட்லாந்தின் வடக்கே சின்னச் சின்ன ஊர்களில், வீட்டுக்கு வீடு அந்தச் செய்தி இறங்கியது.

அதிகாரிகளில் பலரை பவேரியாவில் உள்ள லாஃபென் என்ற ஊரின் பழைய அரண்மனையில் அடைத்தார்கள். பசி, குளிர், அவமானம். அங்கே சிலர் நடனம் ஆடத் தொடங்கினார்கள். பீட்டர் ஆலிவர் என்ற லெஃப்டினன்ட் வகுப்பே எடுத்தார். ஆண்களே இரண்டு வரிசையிலும் நின்றார்கள். ஜிம்மி அட்கின்சன் என்ற இன்னொரு லெஃப்டினன்ட் புதிதாக ஒரு நடனம் யோசித்தார். அதன் நடுவில் ஆடுகிறவர்கள் மூலைக்கு மூலை கை நீட்டிக் கோத்து நிற்கும்போது, மேலிருந்து பார்த்தால் ஒரு பெருக்கல் குறி தெரியும். ஸ்காட்லாந்து கொடியில் இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூ சிலுவை! அதை மெருகேற்ற உதவியவர் கர்னல் டாம் ஹாரிஸ் ஹன்டர். போருக்கு முன்னால் அவர் யார் தெரியுமா? மிஸ் மில்லிகன் தொடங்கிய அதே சொசைட்டியின் பெர்த் கிளைத் தலைவர்.

'ரீல் ஆஃப் த 51-ஸ்ட் டிவிஷன்' பிறந்தது இப்படித்தான். நடனக் குறிப்பைத் தபாலில் ஊருக்கு அனுப்பியபோது ஜெர்மானியத் தணிக்கையாளர்கள் அதை ரகசியச் சங்கேதம் என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, நல்ல கதை. போர் முடிந்த 1945-ல் சொசைட்டி வெளியிட்ட 'வெற்றிப் புத்தகத்தில்' அந்த நடனம் இடம்பெற்றது. இன்றைக்கும் உலகம் முழுக்க ஆடுகிறார்கள்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. வேறு வேறு ஊர்களிலிருந்து, வேறு வேறு படைப்பிரிவுகளிலிருந்து வந்த ஆட்கள் சிறைக்குள் கூடி ஒரு புது நடனத்தை எப்படி உருவாக்க முடிந்தது? "கீழே போய்த் திரும்பி வா", "வெளியே சுற்று", "எதிரே நின்று ஸ்டெப் போடு" என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம் புரிந்தது. அந்தப் பொது மொழியை உண்டாக்கியதில், கால்விரல் நீளாவிட்டால் விடாத அந்த கண்டிப்பான டீச்சர்களுக்கும் பங்கு இருக்கிறது. ஊருக்கு ஊர் இருந்த பேச்சுவழக்கை மங்கவைத்த அதே இலக்கணம்தான், எங்கோ ஓர் அந்நிய அரண்மனையில் புதுசாக ஒன்றை எழுதவும் வழி கொடுத்தது.

அந்த வழியில் பலர் போனார்கள். இன்றைக்குப் பதிவாகியிருக்கும் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ்கள் பத்தாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை 1923-க்குப் பிறகு உருவானவை. டோக்கியோவில், டொரன்டோவில், நியூசிலாந்தில் கிளைகள் இருக்கின்றன. ஜப்பானிலிருந்து வருகிற ஒருவர் செயின்ட் ஆண்ட்ரூஸில், மொழி தெரியாத ஒருவரோடு, ஒத்திகையே இல்லாமல் ஆடிவிடலாம்.

பெயர் தெரியாத பாரம்பரியம்

மிஸ் மில்லிகன் 1978 ஜூலை 28-ல் இறந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸில் சம்மர் ஸ்கூல் நடக்கிற காலம் அது. இன்றைக்கும் ஜூலை, ஆகஸ்டில் அங்கே வகுப்பு நடக்கிறது.

அந்த ஜிம் ஹாலில் ஸ்வெட்டர் கையால் விரலை மூடிக்கொண்ட பையனுக்கு மில்லிகன் பெயர் தெரிந்திருக்காது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கே தெரியுமோ என்னவோ. அவங்களுக்கு ஒருத்தர் சொல்லிக்கொடுத்திருப்பார், அவருக்கு இன்னொருத்தர். ஆரம்பப் பள்ளி டீச்சர்களின் உழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் உலகத்தில் தங்குகிறது. பெயர் உதிர்ந்துவிடும், அவர்கள் பழக்கிவிட்டது மட்டும் உடம்பில் இருக்கும். பென்சில் பிடிக்கிற விதம், வரிசையில் நிற்கிற விதம், கை நீட்டுகிற நேரம்.

உங்க உடம்பில் அப்படி ஒரு டீச்சர் இருக்கலாம். யார் என்று இன்னைக்கு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. உயிரோட இருந்தா ஒரு போன் பண்ணுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.